ஒன்றாம் கொக்கி

கரையிலிருந்து தீவுக்குப் போகும் கல்பாதை பகலில் மூன்று மணி நேரம்தான் பாதையாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் அது கடல். தண்ணீர் இறங்கும்போது இரண்டு ஓரக் கற்களும் கறுப்பு வரம்புகளாக முதலில் தலைகாட்டும். பிறகு நடுவில் பாசி படிந்த தளம் மெல்ல மேலே வரும். ஏறும்போது இதே வரிசை தலைகீழ். இந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று நின்ற இடத்துக்கு இன்று வந்து சேர நிலாவுக்கு அவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறது. கடல் பார்ப்பது நிலாவின் கடிகாரத்தை. ஆகவே இன்று காலை ஒன்பதரைக்கு மூழ்கும் பாதை நாளை பத்து இருபதுக்கு மூழ்கும். ஏழு நாள் கழித்துப் பிற்பகல் மூன்று இருபதுக்கு. இரவிலும் ஒரு தடவை தண்ணீர் இறங்கும். அப்போது யாரும் நடப்பதில்லை.

பாதை தொடங்குமிடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. தீவில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்பதால், போகிறவர்கள் செருப்பை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்டவளை ஊரில் எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட.

நூற்றிருபது கொக்கிகள், நூற்றிருபது மர டோக்கன்கள். அந்த டோக்கன்களைச் செய்திருந்த விதம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கொக்கி அறைந்த பலகையிலிருந்தே ஒரு துண்டை அறுத்தெடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எண்ணைச் சுட்டிருந்தார்கள். துண்டைத் திரும்ப அதன் பள்ளத்தில் வைத்தால் மரத்தின் ரேகை ரேகையோடு சேர வேண்டும். எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு வரலாம். ரேகையை எழுத முடியாது.

ஆள் திரும்பி வந்ததும் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவாள். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் அந்தச் செருப்பு மிஞ்சினதில் சேர்ந்துவிடும். டோக்கனைத் தொலைத்தவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. பெஞ்சில் காத்திருக்க வேண்டும். மற்ற எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகு எது மிஞ்சுகிறதோ அது அவர்களுடையது. ‘அதோ அந்தப் பச்சை வார் வச்சதுதாங்க’ என்று கை காட்டிக் கெஞ்சினாலும் நடக்காது.

“சாமியே எறங்கி வந்தாலும் இவ டோக்கன் கேப்பா” என்பார் வலைக்காரர். கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து மீன்வலை தைப்பவர் அவர்.

“கேப்பேன். அப்புறம் இன்னொரு சாமி வந்து, ‘அது என் செருப்பு’ன்னு சண்டை போட்டா நீங்களா பதில் சொல்வீங்க?”

தீவில் இருக்கும் கோயிலில் சிலை கிடையாது. முன்கூடத்தில் ஒரு பாறை; அதில் இரண்டு பாதங்கள் அளவுக்குப் பள்ளம். யாரோ ஒருத்தி யாருக்காகவோ அங்கே நின்றாள், நின்று நின்று கல் தேய்ந்தது என்று சொல்வார்கள். யாருக்காக என்று கதையில் இல்லை. ‘நிக்கிறவங்க’ என்பதற்கு மேல் அவளுக்குப் பெயரும் இல்லை. எதற்காகவாவது காத்திருக்கிறவர்கள்தான் அங்கே போவார்கள்: ஒரு கடிதத்துக்கு, பரீட்சை முடிவுக்கு, கப்பலில் போன கணவனுக்கு. பள்ளத்தில் பாதத்தை வைத்து, ‘நானும் நிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, உள்ளறைக் கதவை ஒரு தடவை தட்டுவார்கள். உள்ளேயிருந்து ‘ஆள் இருக்கு’ என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் அத்தனை தூரம்.

அந்தக் குரல் முறைக்காரருடையது. நாற்பது குடும்பங்கள் சுற்று வைத்து, வாரத்துக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருவர் ஏழு நாள் உள்ளறையில் இருப்பார். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வார். பாதை மூழ்கியதும் ஒரு மணி அடிப்பார்: இருக்கிறேன். கரையிலிருந்து டோக்கன் அக்கா பதிலுக்கு ஒன்று அடிப்பாள்: தெரியும். தீவு ஒரு பொழுதுகூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது. உள்ளே ஒருவர் இருக்கும்வரை நிக்கிறவங்க நிற்பாங்க. யாருமே இல்லாவிட்டால் அவங்களுக்கு நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பார்கள். அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முறை மாறுவது இப்படி. உள்ளறைக்குக் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. புதிய ஆள் கிழக்குக் கதவை மூன்று தடவை தட்டி, ‘ஆள் வந்தாச்சு’ என்பார். உள்ளே இருப்பவர் ‘ஆள் இருக்கு’ என்பார். ‘போகலாம்’ என்று புதியவர் சொன்னதும் பழையவர் மேற்குக் கதவு வழியாக வெளியேறித் திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. புதியவர் உள்ளே போனதும் இரண்டு மணி அடிப்பார்: மாறியாயிற்று.

கரையிலும் இதற்கு ஒரு ஜோடி ஏற்பாடு உண்டு. முதல் இரண்டு கொக்கிகள் முறைக்காரர்களுக்கு. ஒருவர் செருப்பு ஒன்றில் தொங்கினால் அடுத்தவருடையது இரண்டில், அதற்கடுத்தவருடையது மறுபடி ஒன்றில். ஒரு கொக்கியில் செருப்பு தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் காலியாக இருக்கக் கூடாது.

அந்த வாரம் டோக்கன் அக்காவின் தங்கைக்கு முறை.

தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். வேலை நேரம் பூராவும் நின்றே இருப்பதால், வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அன்று காலை கடல்மேல் மூடுபனி. அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வலது வார் அறுந்திருந்தது.

“தைச்சுக் குடுக்கா. அதுவரைக்கும் பின்னறையில பத்து நிமிஷம் படுத்துக்கறேன். இடுப்பு விட்டுப்போச்சு.”

“கூட்டம் வந்திருச்சுன்னா எழுப்ப மாட்டேன் பாத்துக்க.”

“நீ எழுப்பலைன்னா தீவு எழுப்பும்” என்று சொல்லிவிட்டு ஒரு இருமல் இருமிக்கொண்டே போய்ப் படுத்தாள்.

அக்கா ஊசி கோத்து வாரைத் தைத்து முடித்தபோது ஒரு பஸ் கூட்டம் வந்து இறங்கியது. கையில் செருப்பு இருந்தால் அந்தக் கை அதைக் கொக்கியில் மாட்டும். பத்து வருஷப் பழக்கம். தங்கையின் செருப்பு ஒன்றாம் கொக்கிக்குப் போயிற்று. ஒன்றாம் டோக்கன் தங்கையிடம் போகாமல் அக்காவின் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. வேறு எந்த ஊரிலும் அது ஒரு பிழையே இல்லை. காலில் இல்லாத ஒரு ஜோடி செருப்பை ஒரு கொக்கியில் மாட்டியது, அவ்வளவுதான்.

கூட்டத்தை அனுப்பி முடிப்பதற்குள் பனிக்குள்ளிருந்து இரண்டு மணி கேட்டது. ‘போய்ச் சேந்துட்டா’ என்று நினைத்தாள். எப்போது எழுந்து போனாள் என்று யோசிக்க நேரமில்லை. ஒன்றில் செருப்பு தொங்கிற்று, அது போதுமே.

ஒன்பது இருபதுக்கு வலைக்காரர் பனியிலிருந்து வெளியே வந்தார். போன வாரம் அவருடைய முறை. இரண்டாம் டோக்கனைப் பள்ளத்தில் வைத்தார், ரேகை சேர்ந்தது. ஒன்றாம் கொக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்.

“தங்கச்சிக்குச் சளியா?” என்றார் அவர், ஒரு காலை நுழைத்துக்கொண்டே. “ஆள் வந்தாச்சுன்னு சொல்றதுக்குள்ள ஒரு இருமல். பனியில அனுப்பியிருக்கியே.”

பின்னறைக் கதவு திறந்தது. தங்கை கலைந்த தலையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“தைச்சாச்சாக்கா? மணி என்ன?”

வலைக்காரரின் மறுகால் செருப்புக்கு வெளியே அப்படியே நின்றது.

தீவுக்கு இருபது நிமிட நடை. பாதை மூழ்கப் பத்து நிமிடம் இருந்தது. மூன்று பேரும் கடலைப் பார்த்தபடி இருக்க, ஓரக் கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பிறகு தீவிலிருந்து ஒரு மணி, நிதானமாக, ஒன்றே ஒன்று.

அக்காவின் கை கயிற்றுக்குப் போயிற்று.

“அடிக்காத” என்றார் வலைக்காரர்.

“இருக்கேன்னு ஒருத்தங்க சொல்றாங்க. தெரியும்னு சொல்லாம விட முடியுமா?”

“யாருன்னு தெரியுமா உனக்கு?”

அவள் கயிற்றை இழுத்தாள்.

மறுநாளே தங்கை போய் முறை மாற்றிக்கொள்ளலாமே என்றாள் அக்கா. வலைக்காரர் தலையை ஆட்டினார். “ஏழு நாள் முடியாம உள்ள இருக்கறவங்க வெளிய வரக் கூடாது. நாம போட்ட சட்டம்தான். நம்மளவிட அவங்களுக்கு அது நல்லாத் தெரியும்.”

“ஏழாம் நாள்?”

“கொத்தனார் முறை. அவர் போய்க் கதவத் தட்டுவார். உள்ள இருக்கறவங்க வெளிய வந்து நேரா இங்க வருவாங்க, ஒண்ணாம் கொக்கிச் செருப்பக் கேப்பாங்க. அது யார் கால்ல ஏறுதோ அவங்கதான் வீட்டுக்குப் போறவங்க.” தங்கையின் வெறும் பாதங்களைப் பார்த்தார். “மத்தவங்க…”

மற்றவர் இனி நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது.

செருப்பை அப்போதே கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிடலாமா என்று அக்கா நினைக்காமல் இல்லை. ஆனால் இரண்டாம் கொக்கி காலி. ஒன்றையும் காலி செய்தால் தீவில் ஆளே இல்லை என்று கரை தன் வாயால் சொன்னதாக ஆகிவிடும்.

தங்கை தீவில் இருப்பதாக ஊர் நம்பியதால் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. “ஏழு நாள் லீவு. சம்பளம் பிடிக்காத லீவு. நீ சமைக்கிற, நான் சாப்பிடறேன். தினமும் யாராவது எனக்குப் பதிலா நின்னா எவ்வளவு நல்லா இருக்கும்” என்று நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாள் டீயை நின்றுகொண்டே குடித்தாள். உட்காரேன் என்றதற்கு, “உக்காந்தா கால் வலிக்குது” என்றாள். மூன்றாம் நாள் அக்கா வேலையிலிருந்து வந்தபோது ஜன்னலுக்கு எதிரே நின்றிருந்தாள். காலையில் அக்கா கிளம்பும்போது நின்ற அதே இடம். பாதங்களைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. அக்கா துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள். உப்பு விரலில் பிசுபிசுத்தது.

தீவிலிருந்து கொட்டகைக்குத் திரும்பி வந்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். “உங்க தங்கச்சி குரல் இந்தத் தடவை என்ன இதமா இருக்கு” என்றாள் மகனின் கடிதத்துக்காகப் போய்வந்த ஒரு தாய். “நான் தட்டறதுக்கு முன்னாடியே பதில் வந்துருச்சு.”

ஐந்தாம் நாள் அக்கா கரை மணியை வலைக்காரரிடம் விட்டுவிட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துத் தங்கையின் முழங்காலுக்குப் பின்னால் வைத்து, தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். கால் மடங்கவில்லை. தள்ளியவளுக்குத்தான் மூச்சு வாங்கிற்று. அந்த நேரம் தூரத்தில் தீவின் மணி ஒன்று அடித்தது. தங்கை கடலைப் பார்த்தபடியே, தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல, “ஆள் இருக்கு” என்றாள்.

“ஏய், என்னைப் பாருடி.”

தங்கை பார்த்தாள். சிரித்தாள்கூட. ஆனால் உட்காரவில்லை.

ஏழாம் நாள் மூடுபனி இல்லை; கண் கூசும் வெயில். கூட்டம் வருமுன் அக்காவும் வலைக்காரரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தங்கையைக் கொட்டகைக்கு நடத்திக் கூட்டிவந்தார்கள். வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடை. அரை மணி ஆயிற்று. பின்னறையில் நிறுத்தி, ஒன்றாம் டோக்கனை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள் அக்கா.

“ரெண்டு மணி கேக்கும். நான் ஒண்ணாம் நம்பர்னு கூப்பிடுவேன். உடனே வந்து டோக்கனைப் பள்ளத்துல வைக்கணும். புரியுதா?”

“புரியுது” என்றாள் தங்கை சுவரைப் பார்த்து.

பன்னிரண்டு இருபதுக்குப் பாதை வந்தது. கொத்தனார் பூட்ஸ் அளவு பெரிய செருப்பை இரண்டாம் கொக்கியில் மாட்டினார்.

“உள்ள இருக்கறவங்ககிட்ட வேற எதுவும் பேசாதீங்கண்ணே. சொல்ல வேண்டிய மூணு வார்த்தை மட்டும்” என்றாள் அக்கா.

“ஏன், பேசினா உன் தங்கச்சி பில்லு போடுவாளா?” அவர் சிரித்துக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் அறுபது எழுபது பேர் போனார்கள்.

இருபது நிமிடம் கழித்து இரண்டு மணி.

“ஒண்ணாம் நம்பர்” என்று கூப்பிட்டாள் அக்கா.

பின்னறையில் அசைவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். தங்கை நின்றாள். கையைப் பிடித்து இழுத்தால் கை மட்டும் நீண்டது. டோக்கனை வாங்கித் தானே வைத்துவிடலாம் என்றால் மூடிய விரல்கள் திறக்கவில்லை. செருப்பைக் கொண்டுவந்து இங்கேயே மாட்டிவிடலாம் என்று குனிந்து ஒரு பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நகம்கூட நுழையவில்லை.

“வந்துட்டாங்க” என்றார் வலைக்காரர் வெளியிலிருந்து, மெதுவாக.

பட்டப்பகலில், பளிச்சென்ற பாதையில், தங்கை நடந்து வந்துகொண்டிருந்தாள். போன வாரம் போட்டிருந்த அதே நீல உடுப்பு. வலது குதிகாலின் வெளி ஓரத்தை அழுத்தி நடக்கும் அதே நடை. ஊரில் யார் எப்படி நடக்கிறார்கள் என்பது செருப்பின் தேய்மானத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்தே பழகியவள் அக்கா. அதில் ஒரு பிழையும் இல்லை. எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார்.

“என் செருப்பக் குடுக்கா.” இருமல்கூட இருந்தது.

பத்து வருஷமாக ஒரு வார்த்தையைச் சொல்லிவந்த அக்காவின் வாய் தானாகவே அதைச் சொன்னது.

“டோக்கன்?”

வந்தவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். “நீ குடுக்கவே இல்லையே.”

உண்மைதான்.

“டோக்கன் இல்லாதவங்க பெஞ்சுல இருக்கணும். எல்லாரும் எடுத்துட்டுப் போன பிறகு மிஞ்சறது எதுவோ அது.”

“அப்படித்தானே சட்டம்” என்றாள் வந்தவள். கோபமில்லாத குரல். பெஞ்சுக்குப் போனாள். உட்காரவில்லை, அதன் பக்கத்தில் நின்றாள். காலடியில் மெல்லத் தண்ணீர் ஊறிப் பரவியது.

தீவிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அக்கா எண்களைக் கூப்பிட்டாள், டோக்கன்கள் பள்ளத்தில் பொருந்தின, செருப்புகள் குறைந்தன. நாற்பது, முப்பது, பதினேழு. நடுவே ஒரு தடவை, “ஒண்ணாம் நம்பர்” என்றாள். யாரும் வரவில்லை. பெஞ்சருகே நின்றவள் அந்த எண்ணைக் கேட்டதும் தலையை லேசாகச் சாய்த்தாள். வலைக்காரர் ஒரே முடிச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு ஜோடி மிச்சமிருந்தபோது அக்கா பின்னறைக் கதவைப் பார்த்து நின்று, கொட்டகைக்கு எட்டும் குரலில், எவரிடமும் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

“ஒண்ணாம் நம்பர். இது மூணாவது தடவை. வரலைன்னா மிஞ்சினதுல சேந்துரும்.”

முதலில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது, சேற்றிலிருந்து காலை உருவினால் வரும் சத்தம். பிறகு இன்னொன்று. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாதத்தையும் பெயர்த்துப் பெயர்த்து வந்தாள். பின்னால் ஈரம் கோடாக இழுத்தது. டோக்கனைப் பள்ளத்தில் வைத்தாள். ரேகை ரேகையோடு சேர்ந்தது. அக்கா ஒன்றாம் கொக்கியிலிருந்து செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. தங்கை குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டாள்.

உடனே அங்கேயே, ஈரத்தரையில், தொப்பென்று உட்கார்ந்தாள். “அம்மாடி. என்னமா வலிக்குது கால்.”

அக்கா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். “வீட்டுக்குப் போய் உக்காருடி, எருமை.”

வலைக்காரர் அதற்குள் எழுந்து, பெஞ்சு கண்ணில் படாதபடி தங்கையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். “வாம்மா. திரும்பிப் பாக்காம நட. டீ போட்டுக் குடிச்சிட்டுத் தூங்கு.” இருவரும் தெருவில் ஏறிப் போனார்கள்.

பெஞ்சருகே இருந்து குரல் வந்தது. இப்போது இருமல் இல்லை. யாருடைய குரல் என்று சொல்ல முடியவில்லை.

“அப்போ என்னது எது?”

“இன்னும் அஞ்சு ஜோடி இருக்கு. ஆள் வரணும்” என்றாள் அக்கா. சற்றுத் தயங்கி, “உக்காருங்க” என்றாள். கொட்டகைக்கு வந்த யாருக்கும் அவள் இவ்வளவு தாழ்ந்த குரலில் மரியாதை சொன்னதில்லை. அவங்க உட்காரவில்லை.

ஐந்து பேரும் வந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். கொத்தனாரின் செருப்பு மட்டும் இரண்டாம் கொக்கியில் தொங்கிற்று. அது மிஞ்சினதில் சேராது. அதன் ஆள் உள்ளே இருக்கிறார்.

“ஏழு நாளும் ஒரு நிமிஷம் பிசகாம மணி அடிச்சீங்க” என்றாள் அக்கா. முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. “யாரும் குறை சொல்லல. ஆனா எதுவும் மிஞ்சல.”

மணி மூன்று இருபது. தீவிலிருந்து ஒன்று அடித்தது. கொத்தனாரின் கனத்த கை. அக்கா திரும்பிக் கயிற்றை இழுத்தாள். மறுபடி பார்த்தபோது பெஞ்சருகே யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்களின் அளவில் தண்ணீர் மட்டும் நின்றது. பாதைமேல் அலை புரண்டது. வந்த வழியே போய்விட்டாங்க என்று நினைத்தாள். பிறகு டோக்கன்களைத் துடைத்து வைத்தாள், கதவைச் சாத்தினாள், வேலை நேரத்தில் எப்போதும் மேசைக்கடியில் கழற்றிப் போடும் தன் செருப்பைக் காலால் துழாவினாள்.

இல்லை. குனிந்து பார்த்தாள். இல்லவே இல்லை.

எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகு கொட்டகையில் மிஞ்சியது எது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றிருபது கொக்கிகளையும் எண்ணியவள், கொக்கியில் இல்லாததை எண்ணவில்லை. சட்டப்படி பார்த்தால் சரிதான்.

வெறுங்காலோடு தெருவில் ஏறினாள். வெயிலில் காய்ந்த கல்தளத்தின்மேல் ஈரமான செருப்புத் தடம் முன்னால் போயிருந்தது. இடது குதிகாலில் ஒரு அரை வட்டம் பதியாத தடம். அந்த இடத்தில் ரப்பர் பிய்ந்துபோய் மூன்று மாதம் ஆயிற்று, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடை, தபால்பெட்டி, குழாயடி எல்லாவற்றையும் தாண்டித் தடம் போயிற்று. எங்கும் தயங்கி நிற்கவில்லை. அவள் வீட்டு வாசலில் முடிந்தது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே தங்கை ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதற்கு ஒரு குரல் பதில் சொன்னது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடத்தான் கால் துடித்தது. ஓடினால் ஒரே முகத்தோடு இரண்டு பேராக நிற்க வேண்டியிருக்கும். செருப்பு ஏறிய கால்தான் வீட்டுக்குப் போகும் கால்; அந்தச் செருப்பு இப்போது தன் காலில் இல்லை. கையை உயர்த்தினாள். மூன்று தடவை தட்டினாள்.

“ஆள் வந்தாச்சு.”

உள்ளே பேச்சு நின்றது. கதவுக்கு மிக அருகில், அவளுடைய குரலிலேயே பதில் வந்தது.

“ஆள் இருக்கு.”

மிச்சம் இருந்தது மூன்றாவது வார்த்தை. அதைச் சொன்ன பிறகும் போகாவிட்டால் வேறு வார்த்தை கிடையாது. நாற்பது குடும்பங்களில் யாரும் அதற்கு மேல் எதையும் செய்து வைக்கவில்லை.

“போகலாம்” என்றாள். ஏனோ, “போதும், போகலாம்” என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை.

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. பிறகு கொல்லைப்பக்கக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அது மேற்கே பார்த்த கதவு. அக்கா எட்டிப் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்து உள்ளே போனாள்.

தங்கை மேசையருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு டம்ளர்களில் டீ. ஒன்று பாதி குடித்தது, இன்னொன்று தொடாதது.

“எங்கக்கா எழுந்து போன? இப்பதானே உக்காந்த.”

“யாரு உக்காந்தா?”

“நீதான். வந்ததும் அந்த நாற்காலியில சாஞ்சுட்டு, ‘எவ்வளவு நாளாச்சு உக்காந்து’ன்னு கண்ண மூடிக்கிட்ட. டீயக்கூடத் தொடல. நான் கிண்டல் பண்ணினேன், பகல் பூரா உக்காந்து டோக்கன் குடுக்கறவளுக்கு என்ன கால்வலின்னு.”

அக்கா கொல்லைக் கதவைத் திறந்தாள். படியில் அவளுடைய செருப்பு ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. படிக்கு அப்பால் ஈரமில்லை, தடமில்லை. எடுத்துத் துடைத்து உள்ளே கொண்டுவந்து வைத்தாள்.

“டீ ஆறுது, உக்காரேன்” என்றாள் தங்கை.

நாற்காலியின் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவங்க உட்கார்ந்த இடம்; அக்கா அதைத் துடைக்கவில்லை. டம்ளரை எடுத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே குடித்தாள்.